மஸ்லின் ஏறிப்போன கரை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே போகிற மாநில நெடுஞ்சாலை 58, கடலோரத்தில் சதுரங்கப்பட்டினத்தில் வந்து முடிகிறது. முடிகிறது என்பது நம் பேச்சு. நெடுஞ்சாலைத் துறையின் பதிவில் சாலை இங்கேதான் தொடங்குகிறது. சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி என்று அதன் பெயரே இந்த ஊரை முதலில் வைத்துத்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் வருகிற பேருந்தின் நெற்றியில் கல்பாக்கம் என்றுதான் எழுதியிருக்கும். வெளியூரில் யாரிடமாவது சதுரங்கப்பட்டினம் என்று சொன்னால், “எங்கே இருக்கு?” என்பார்கள். “கல்பாக்கம் பக்கம்” என்றால் உடனே புரிந்துவிடும். அரை நூற்றாண்டுக்குள் ஒரு பழைய பட்டினம் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

இங்கிருந்து வடக்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அங்கே வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது இந்தப் பக்கம் திரும்புகிறார்களா என்பது சந்தேகம். திரும்பி வருகிறவர்களும் டச்சுக் கோட்டையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கடலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஊரில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய அடையாளங்கள் இரண்டு. ஒன்று டச்சுக்காரர்கள் கட்டியது, மற்றொன்று அணுசக்தித் துறை கட்டியது. இரண்டுமே வெளியிலிருந்து வந்தவர்களின் தேவைக்காக எழுந்தவை. டச்சுக்காரர்கள் எதைத் தேடிக் கடல் தாண்டி வந்தார்களோ, அந்தத் துணியை நெய்தவர்களுக்கு இங்கே ஒரு கல்கூட இல்லை. இந்த ஊரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் உறுத்துவது அதுதான்.

டச்சுக்காரர்களுக்கு முன்பே இது பட்டினம். கோட்டைக்கு அருகில் இருக்கிற மலைமண்டலப் பெருமாள் கோயில் அதற்குச் சாட்சி. பதினான்காம் நூற்றாண்டில் இந்தப் பகுதியைச் சம்புவராயர்கள் ஆண்டார்கள். அவர்களில் இராசநாராயணன் பெயரால் இந்த ஊர் இராசநாராயணன் பட்டினம் என்று வழங்கியதாகக் கோயில் கல்வெட்டு காட்டுகிறது. தெற்கே சற்றுத் தொலைவில் பாலாறு கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய வாயலூரில் இராசசிம்ம பல்லவனின் தூண் கல்வெட்டு ஒன்று உண்டு. பல்லவர் வம்சாவளியை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கும் அரிய கல்வெட்டு அது. காஞ்சிபுரத்துக்கும் கடலுக்கும் இடையே ஆறு போட்டுக் கொடுத்த வழி இந்தக் கரைக்கு வந்து சேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், பல்லவர் காலம் முதல் கம்பெனிக் காலம் வரை வணிகம் ஏன் இந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது என்பதும் விளங்கிவிடும்.

நெதர்லாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் தொடங்கியது. சோழமண்டலக் கரையில் முதலில் மசூலிப்பட்டினத்திலும், 1610 முதல் பழவேற்காட்டிலும் காலூன்றினார்கள். பழவேற்காட்டில் 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அந்த நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்துக்கும் வந்தார்கள். அவர்களுடைய ஏடுகளில் இந்த ஊர் சத்ராஸ்பட்னம். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதையும் சுருக்கி சத்ராஸ் ஆக்கினார்கள்.

டச்சுக்காரர்களுக்கு வேண்டியிருந்தது மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைவதோ ஜாவாவிலும் மலுக்குத் தீவுகளிலும். அந்தத் தீவுக்காரர்கள் ஐரோப்பியச் சரக்கு எதையும் பெரிதாக விரும்பவில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலத்துத் துணி. நம் துணியை வாங்கிக்கொண்டு போய் அங்கே கொடுத்தால்தான் மிளகு கிடைக்கும். ஆக, ஐரோப்பாவின் சமையலறைக்கு வாசனைப் பொருள் போய்ச் சேர்ந்த கணக்கில் முதல் வரி நம் ஊர்த் தறியில் எழுதப்பட்டது. பிறகு ஐரோப்பாவே இந்தத் துணிக்கு ஆசைப்பட்டது. சதுரங்கப்பட்டினம் குறிப்பாகப் பேர் வாங்கியது மெல்லிய மஸ்லினுக்கு. சல்லாத் துணி என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அந்த வகை.

அந்தத் துணி எப்படி உருவாயிற்று என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பஞ்சு உள்நாட்டிலிருந்து பொதிமாட்டில் வரும். வீட்டுப் பெண்கள் ராட்டையில் நூற்பார்கள். நெசவில் பாதி வேலை தறிக்கு வெளியே, தெருவில் நடக்கும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள், தெரு நெடுகப் பாவை, அதாவது நீளவாட்டு நூல்களை, நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். இழைக்கு இழை ஒட்டாமல், கஞ்சி திட்டுத் திட்டாகத் தங்காமல், நார்த் தூரிகையால் இரண்டு பக்கமும் நடந்து நடந்து இழுத்துவிட வேண்டும். குடும்பம் முழுக்க நிற்கும். இதற்கென்றே நெசவாளர் தெருக்கள் அகலமாக, நிழல் மரங்களோடு அமைந்தன. பாவடி என்கிற பெயர் இன்றும் பல ஊர்களில் மிஞ்சியிருக்கிறது. துணியின் தரத்தைப் புஞ்சக் கணக்கில் சொல்வார்கள். பாவில் 120 இழை சேர்ந்தால் ஒரு புஞ்சம். ஒரே அகலத்தில் புஞ்சம் கூடக் கூட இழை நெருக்கமாகும், நூல் மெல்லியதாக இருந்தாக வேண்டும், நேரமும் கூலியும் ஏறும். பிறகு குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, நாடாவைக் கையால் எறிந்து நெய்வார்கள். மெல்லிய நூலுக்கு வறண்ட காற்று எமன். கடலோர ஈரக்காற்றில் இழை சட்டென்று அறாது. சாயத் துணிகளுக்குச் சிவப்பு நிறம் தருகிற சாயவேரும் இந்தக் கரையோர மணலிலேயே வளர்வது. இயற்கை கொடுத்த இந்த வசதிகள் எல்லாம் இங்கே ஒன்றுகூடின.

கம்பெனி நெசவாளரோடு நேரடியாகப் பேசாது. உள்ளூர்ப் பெருவணிகர்களிடம் முன்பணம் கொடுக்கும். அவர்கள் தரகர்களிடம் கொடுப்பார்கள். தரகர் தறி வீட்டுக்குப் போய் நூலுக்கும் சோற்றுக்கும் ஆகிற அளவு கையில் வைப்பார். மாதங்கள் கழித்துத் துணி கோட்டைக் கிடங்குக்கு வந்ததும், மாதிரித் துணியோடு வைத்து நீளம், அகலம், இழை எல்லாம் சரிபார்ப்பார்கள். குறைந்தால் விலையைக் குறைப்பார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். போர் வந்தாலும் மழை பொய்த்தாலும் அரிசி விலை ஏறும். வாங்கிய முன்பணம் சோற்றுக்கே போய்விடும். துணி கொடுக்க முடியாது, கடன் நிற்கும். கம்பெனியின் கணக்கேடுகள் இதை ‘வராக்கடன்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். அந்த வரிக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க அடுப்பு எரியாமல் இருந்திருக்கும்.

இங்கே துறைமுகம் என்று சொன்னாலும் மேடை கிடையாது, அலைதாங்கி கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே மூன்று வரிசை அலை உடையும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் அடிபட்டால் பிளந்துபோகும். நம் மீனவர்களின் மசூலாப் படகில் ஆணியே இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. சதுரங்கப்பட்டினத்தின் மஸ்லின் மூட்டைகள் நனையாமல் கப்பல் ஏறியது இவர்கள் கையால்தான். கம்பெனிக்குப் பீரங்கி இருந்தது, பணம் இருந்தது; அலையைத் தாண்டுகிற வித்தை மட்டும் குப்பத்தில் இருந்தது.

இப்போது கோட்டைக்கு வருவோம். வாசலில் பீரங்கிகள் இரண்டு. உள்ளே நுழைந்தால் செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர்கள். காரை உதிர்ந்த இடங்களில் செங்கல் வரிசை அப்படியே தெரிகிறது. வளைவுக் கூரை வைத்த நீண்ட கிடங்குகள், யானை மீது ஏறுவதற்காகக் கட்டிய சாய்மேடை, கடலைப் பார்த்த மதில். கோட்டை என்கிறோமே தவிர, உள்ளே நின்று பார்த்தால் பாதிக்கு மேல் கிடங்குதான். சண்டைக்காகக் கட்டியதைவிடச் சரக்குக்காகக் கட்டியது அதிகம். அந்தக் கிடங்குகளுக்குள் போனதும் குளிர்ச்சி முகத்தில் அறைகிறது. தடித்த சுவரும் உயர்ந்த வளைவும் துணியையும் தானியத்தையும் கெடாமல் வைத்திருக்கத் தோதானவை.

இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது கோட்டை. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் இங்கே அகழ்ந்து, புதுப்பித்தார்கள். மண்ணுக்கடியிலிருந்து சீனத்துப் பீங்கான், கண்ணாடிக் கோப்பைகள், புகையிலைக் குழாய்கள், செங்கல் கட்டிய வடிகால் ஆகியவை வெளிவந்தன. டச்சுக்காரர்கள் சாப்பிட்ட தட்டும் குடித்த கோப்பையும் எங்கெங்கிருந்து கப்பலில் வந்தன என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

கோட்டைக்குள்ளேயே தனிச் சுற்றுச்சுவருக்குள் 19 டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. படுக்கை வசமாகப் பதித்த பெரிய கற்பலகைகள். குடும்பச் சின்னம், சுற்றிலும் பூவேலைப்பாடு, அதற்குக் கீழே டச்சு மொழியில் பெயரும் பதவியும் தேதியும். எழுத்துகள் கல்லிலிருந்து புடைத்து நிற்கின்றன. வெறுமனே கோடு கீறுவதென்றால் எளிது. எழுத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கிற கல் முழுவதையும் குடைந்து எடுப்பது சிலை வடிப்பவன் செய்கிற வேலை. முந்நூறு வருடக் கடற்காற்றுக்குப் பிறகும் பல எழுத்துகளை விரலால் தடவியே படிக்கலாம். நல்ல வேலை. மனசாரப் பாராட்ட வேண்டிய வேலை.

இதே டச்சுக்காரர்கள் ஊர் சுற்றவும் போயிருக்கிறார்கள். திருக்கழுக்குன்றம் மலையில் ஒருகல் மண்டபம் என்கிற பல்லவர் குடைவரை இருக்கிறது. அதற்குள் டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதித் தேதிகளோடு. சதுரங்கப்பட்டினத்திலிருந்து பல்லக்கிலோ குதிரையிலோ வந்து, மலை ஏறி, நிழலில் உட்கார்ந்து கீறியிருப்பார்கள். இன்று கோயில் சுவரில் பெயர் கீறுகிற இளைஞர்களை நாம் திட்டுகிறோம், திட்டவும் வேண்டும். அந்தப் பழைய கீறல் மட்டும் முந்நூற்றைம்பது வருடம் தாண்டி வரலாறாகிவிட்டது. டேனியல் ஹவார்ட் என்கிற கம்பெனி ஊழியர் 1693-ல் சோழமண்டலத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். பெயரை விட்டுச்செல்வதில் அவர்களுக்கு இருந்த அக்கறை கொஞ்சமல்ல.

1754 ஜனவரியில் இந்தச் சின்ன ஊர் ஒரு பெரிய பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுத்தது. கர்நாடகத்தில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு நவாபை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். டச்சுக்காரர்கள் எந்தப் பக்கமும் சேராததால் சந்திக்கப் பொதுவான இடம் இதுதான் என்று முடிவாயிற்று. ஆங்கிலேயர் தரப்பில் ஹென்றி வான்சிட்டார்ட்டும் ராபர்ட் பாக்கும் வந்தார்கள். நமக்கும் இலங்கைக்கும் நடுவே இருக்கிற பாக் நீரிணை இந்த ராபர்ட் பாக்கின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பிரெஞ்சுத் தரப்பு மொகலாய அரசின் சனதுகளை, அதாவது அரசாணைப் பத்திரங்களை, ஆதாரமாக முன்வைத்தது. அவை செல்லுமா, செல்லாதா என்கிற வாதத்திலேயே பேச்சு முறிந்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே பதவியிழந்து பிரான்சுக்குத் திரும்பினார். தென்னிந்தியாவை யார் ஆள்வது என்கிற கேள்வி இந்தக் கரையில் விவாதிக்கப்பட்டபோது, ஊர்க்காரர் ஒருவரையும் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து வந்தது நேரடி அடி. டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டதும் 1781-ல் பிரிட்டிஷார் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தார்கள். மறு ஆண்டு 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு நேரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினார்கள். இருவரும் இந்தியக் கடலில் மோதிய ஐந்து சண்டைகளில் இது முதலாவது. யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. சுஃப்ரென் அதன் பிறகு பரங்கிப்பேட்டையில் படைகளை இறக்கினார், ஹைதர் அலிக்குத் துணையாக.

அந்த நாட்களைப் பற்றி எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் யாக்கோப் ஹாஃப்னர். ஜெர்மனியில் ஹாலே நகரில் 1754-ல் பிறந்து, சின்ன வயதிலேயே கப்பலேறி, நாகப்பட்டினம் வந்து, கடைசியில் இந்தக் கோட்டையில் கம்பெனியின் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தவர். தமிழ் கற்றுக்கொண்டார். 1781-ல் கோட்டை விழுந்தபோது கைதியாகச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே போரினால் வந்த பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தார். தெருவில் மக்கள் மடிந்துகொண்டிருக்க, தானியம் விற்றுக் காசு பார்த்தவர்களை அவர் மன்னிக்கவே இல்லை. பின்னாளில் ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து பயண நூல்கள் எழுதினார். பல்லக்குப் பயணத்தைப் பற்றிய நூல் 1808-ல் வந்தது. மாமல்லபுரத்துச் சிற்பங்களை வியந்து எழுதினார். ஐரோப்பியர் இந்த நாட்டில் செய்த கொடுமைகளைத் தன் நாட்டு மக்களுக்கே சொன்னார். மதம் மாற்றப் போகிறவர்களை எதிர்த்தும் எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். நம்மூர் மக்களை மனிதர்களாகப் பார்த்து, பேசி, பழகி எழுதிய ஒரு கணக்குப்பிள்ளை இந்தக் கோட்டையில் இருந்தார் என்பது அங்கே கிடக்கும் பீரங்கிகளைவிடப் பெரிய செய்தி. அவருடைய பயண நூல்கள் முழுமையாகத் தமிழில் வர வேண்டும்.

கோட்டை அதன் பிறகு கை மாறிக் கை மாறி, 1818-ல் மீண்டும் டச்சுக்காரரிடம் வந்து, 1824 உடன்படிக்கையின்படி 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் போயிற்று. அதற்குள் வணிகத்தில் எதுவும் மிச்சமில்லை. மான்செஸ்டர் ஆலைத்துணி வந்து நம் தறிகளை விழுங்கத் தொடங்கிய காலம். சரக்கெல்லாம் சென்னைக்குப் போயிற்று. ரயில் செங்கல்பட்டு வழியே போயிற்று. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக ஒரு பகுதி வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய், இந்தப் பக்கம் மரக்காணம் வரை நீண்டது. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் கொஞ்ச காலம் இந்த வழியே போய்வந்தன. 1965, 66 புயல்களுக்குப் பிறகு அதுவும் தூர்ந்தது. கப்பல் பார்த்த பட்டினம் குப்பமாகச் சுருங்கி, மீனும் தென்னையும் சவுக்குமாக நின்றது.

அந்த நிலையில்தான் அணுசக்தித் துறை வந்தது. கடல் நீர் ஏராளம், சென்னை பக்கம், ஆள் நெருக்கம் குறைவு. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கி, 1984 ஜனவரியில் வணிக உற்பத்திக்கு வந்தது. இந்தியர்களே வடிவமைத்துக் கட்டிய முதல் அணுமின் நிலையம் இதுதான். மாமல்லபுரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அதே 1984-ல்தான். இரண்டாவது உலை 1986-ல் வணிக உற்பத்திக்கு வந்தது. இவற்றுக்கு முன்பே, 1971-ல், ஆராய்ச்சி மையம் தொடங்கிவிட்டது. அதுதான் இன்றைய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை 2024 மார்ச்சில் தொடங்கியது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையும் உண்டு, நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் திறன்.

இந்த ஊருக்கு இதனால் என்ன ஆயிற்று என்று கேட்டால் ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. பள்ளிகள் வந்தன. மருத்துவமனை வந்தது. ஒப்பந்த வேலை கிடைத்தது. கடைத்தெரு புதுப்பட்டினம் பக்கம் பெருகியது. இந்தியாவின் எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் படிக்கிற குடியிருப்பு பக்கத்தில் வந்ததால், இங்குள்ள பையன்களுக்கு இந்தியும் ஆங்கிலமும் காதில் விழுந்து வளர்ந்தன. மறுபக்கம், உலையைச் சுற்றிப் பாதுகாப்பு வட்டம் உண்டு. அதற்குள் குடியிருப்புகள் கிடையாது. அதற்கு வெளியேயும் ஊர் தன் போக்கில் பெருகக் கட்டுப்பாடு உண்டு. கடலிலும் நிலையத்தை ஒட்டி வலை போட முடியாது. மருத்துவப் பரிசோதனை, கதிர்வீச்சு அளவு, மீன் வளம் பற்றிய கேள்விகள் குப்பங்களில் நீண்ட நாட்களாகக் கேட்கப்பட்டு வருகின்றன. இந்தக் கேள்விகளுக்குத் தமிழில், ஊர் நடுவில் உட்கார்ந்து, பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியது அந்த நிறுவனத்தின் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முன்பணம் வாங்கிய நெசவாளரிடம் கம்பெனி எதையும் விளக்கவில்லை. நாம் விடுதலை பெற்ற நாடு, நம் அரசு நிறுவனம், விளக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தபோது நிலையத்தின் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. முதலாவது பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. நீரேற்றும் கூடத்தில் கடல் புகுந்ததும் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. புதிய ஈனுலைக்குத் தோண்டிய அடித்தளக் குழி நீரில் மூழ்கியது. குடியிருப்பிலும் குப்பங்களிலும் உயிர்கள் போயின. படகு, வலை, வீடு எல்லாம் போயின. கோட்டை மதில் நின்றது. உலகம் முழுக்க உலையைப் பற்றிக் கேட்டது. அது நியாயமான கவலைதான். குப்பத்துத் துயரம் அந்தக் கேள்விகளுக்கு நடுவில் அமுங்கிப்போயிற்று.

கரையில் இன்று பார்த்தால் ஃபைபர் படகுகள் வரிசையாக மணலில் ஏறி நிற்கின்றன. சுனாமி நிவாரணமாக வந்த படகுகள் கட்டுமரத்தின் இடத்தை வேகமாகப் பிடித்துக்கொண்டன. வெளிப்புற மோட்டார், கையில் ஜிபிஎஸ், பெட்டியில் ஐஸ். விடிந்ததும் படகு கரை தொடும். நெத்திலியா, சங்கராவா, இறாலா என்று வலையைப் பிரிக்கும்போதே ஏலக்காரர் குரல் எழும்பிவிடும். கூடைக்காரம்மா ஒருவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “இன்னைக்குப் பாடே இல்லப்பா, காத்து மாறிடுச்சு, எவ்ளோக்குத்தான் கேக்கறது நானு” என்று அலுத்துக்கொண்டே விலையை இரண்டு படி ஏற்றினார். எஞ்சினை அணைத்துவிட்டு, அலை வருகிற நேரம் பார்த்து, படகை மூக்கு திரும்பாமல் மணலில் ஏற்றுகிற அந்தக் கணிப்பு மட்டும் மாறவில்லை. மசூலா ஓட்டிய கைகளிலிருந்து வந்த கணிப்பு அது. தைத்த படகு போயிற்று, அலையைப் படிக்கிற கண் போகவில்லை.

நெசவு அப்படித் தங்கவில்லை. மஸ்லினுக்காக இந்த ஊரைத் தேடி இன்று யாரும் வருவதில்லை. கோட்டைக்குள் நிற்கும் கிடங்குகளில் ஒன்றைப் பெரிய செலவில்லாமல் காட்சிக்கூடமாக்கலாம். அகழ்வில் கிடைத்த பீங்கானையும் புகைக்குழாயையும் அங்கே வைக்கட்டும், அதோடு ஒரு குழித்தறியும் வேண்டும். ஒரு புஞ்சத்துக்கு 120 இழை என்று குழந்தைகள் எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒரு பாவு நீட்டிக் கட்டியிருக்க வேண்டும். கயிற்றால் தைத்த படகு ஒன்று, முழு அளவில். கல்லறைப் பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படிக்க ஒரு பலகை. ஹாஃப்னர் யார் என்று இரண்டு பத்தி. ஒருகல் மண்டபத்தில் கீறிய பெயர்களின் படம். மாமல்லபுரம் வருகிற பேருந்துகளில் பத்தில் ஒன்று இங்கே ஒரு மணி நேரம் நின்றால்கூட, விளக்கம் சொல்ல உள்ளூர்ப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு வேலை கிடைக்கும்.

அதற்கெல்லாம் அரசு ஆணையும் நிதியும் வர நாளாகும். காத்திருக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. கட்டுமரத்திலும் தைத்த படகிலும் கடலுக்குப் போன முதியவர்கள் இந்தக் கரையோரக் குப்பங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த மரம், எத்தனை பலகை, எந்தக் கயிறு, துளையை எதை வைத்து அடைப்பது, எத்தனையாவது அலையில் படகைத் தள்ளுவது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் கொக்கிலமேட்டிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு தாத்தாவை உட்காரவைத்து, கையில் இருக்கிற போனிலேயே பேச்சைப் பதிந்துகொள்ளலாம். ஆசிரியர் ஒருவர் முன்கை எடுத்தால் வருகிற கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிட முடியும்.